கௌதாரி கேட்டு வாங்கிய மின்தடை

ஒரு காட்டில் மின்கம்பம் நட்டார்கள். அது சிமெண்ட் என்று தெரியாமல் கொத்திப் பார்த்த மரங்கொத்திக்கு அலகு மழுங்கியது. மற்றபடி கரண்ட் வந்ததால் அங்கே யாருக்கும் ஒரு மாற்றமும் இல்லை.

அந்தக் காட்டில் எமல்டா என்றொரு கௌதாரி இருந்தாள். வெள்ளுடுப்புக் கொக்குகள் நடத்திய கான்வென்ட்டில் படித்தவள். வாய் கொஞ்சம் நீளம். அவளுக்கு வாய்த்த புருஷன் ஆரோக்கியத்துக்குச் சோம்பல் அதைவிட நீளம். போன மழைக்காலத்தில் இவள் இரை தேடப் போன நேரத்தில், "அடைகாத்தா எனக்கு முட்டி பிடிச்சுக்குது" என்று அவன் எழுந்து போய்விட்டான். அத்தனையும் கூமுட்டை. ஏற்கெனவே ஒரு கூமுட்டையோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அது தாங்கவில்லை.

ஆகவே இந்த முறை டவுன் பொருட்காட்சியில் அடைகாக்கும் பெட்டி ஒன்றை வாங்கி வந்தாள். ஸ்விட்சைப் போட்டால் தாய் வயிற்றுச் சூடு. நான்கு முட்டை இட்டாயிற்று, மழையும் பிடித்துக்கொண்டது. கனெக்‌ஷன்தான் பாக்கி. புருஷனை நம்பி விட்டுப்போக முடியுமா? முட்டைகளைப் பஞ்சில் பொதிந்து ஒயர் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு மின்சார ஆபீஸ் கியூவில் போய் நின்றாள்.

அங்கே என்ஜினீயர், வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு வான்கோழி.

"என்ன வேணும்?"

"கனெக்‌ஷன் சார். பெட்டியில இருநூத்து முப்பது வோல்ட், ரெண்டு ஆம்பியர்னு போட்டிருக்கு. வகுத்தா ரெசிஸ்டன்ஸ் நூத்துப் பதினஞ்சு ஓம். பெருக்கினா பவர் நானூத்து அறுபது வாட்."

"ஓம் எல்லாம் கோயில்ல போய்ச் சொல்லும்மா. இங்க சுத்தத் தமிழ்லதான் பேசணும். மேலிடத்து உத்தரவு."

தமிழில் பேசினால் காலில் கொத்தும் கான்வென்ட்டில் படித்தவள் அவள். பக்கத்து மரத்துக் குயில் தன் பெண்ணுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தபோது காதில் விழுந்ததை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள்.

"மின்னழுத்தம் இருநூத்து முப்பது."

"யாரு அழுத்தம் குடுக்கறது? சிபாரிசெல்லாம் இங்க எடுபடாது."

"மின்னோட்டம் ரெண்டு."

"ஓடறதுன்னா வெளியில போய் ஓடு."

"திறன் நானூத்து அறுபது."

"நம்ம திறமையை நாமே சொல்லிக்கக் கூடாதும்மா. அப்புறம்?"

"மின்தடை. நூத்துப் பதினஞ்சு."

வான்கோழியின் முகம் மலர்ந்தது. "அப்படிக் கேளு. வர்றவங்க எல்லாம் இல்லாததையே கேக்கறாங்க. எங்களால முடிஞ்சதைக் கேட்டவ நீ ஒருத்திதான்."

மறுநாள் காலையிலேயே லைன்மேன் ஓணான் வந்து ஒயரை இழுத்தது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. எமல்டா முட்டைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவதற்குள் ஓணான் கம்பத்தில் ஏறி, ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு இறங்கியது.

"என்னய்யா பண்றே?"

"நீங்க கேட்ட மின்தடைதாங்க. நூத்துப் பதினஞ்சு நாளைக்கு. சார் கையெழுத்தே போட்டுட்டார்." ஓணான் தலையை ஆட்டியது. "எங்க ஆபீஸ்ல யாருக்கும் எதுவும் இவ்வளவு சீக்கிரம் கிடைச்சதில்ல. குடுத்து வச்சவங்க நீங்க."

"கணக்கெல்லாம் போடாதேன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றான் ஆரோக்கியம்.

"எப்பச் சொன்னே?"

"மனசுக்குள்ள."

முட்டைகளைத் திரும்பக் கூடையில் எடுத்துக்கொண்டு மழையில் மறுபடி ஆபீசுக்கு ஓடினாள். கியூ நகர்வதற்குள் முட்டைகளின் சூடு இறங்கிக்கொண்டே வந்தது. அலகால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இதுவும் போனால் இந்த வருஷம் கூட்டில் குஞ்சுச் சத்தமே கிடையாது.

"சார், நான் சொன்னது கரண்ட் கட் இல்ல. ரெசிஸ்டன்ஸ்."

"தமிழ்ல."

"எதிர்ப்பு."

"ஆபீசுக்கே எதிர்ப்பா? அப்பீல் பண்ணு. அதை விசாரிக்கறதும் நான்தான். இப்ப லஞ்ச்" என்ற வான்கோழி, உட்கார்ந்த இடத்திலேயே சாப்பிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே குறட்டை விட்டது.

ஒரே கொத்தாகக் கொத்தலாமா என்று எமல்டா கவுன்ட்டர் துளையில் தலையை நீட்டினாள். உள்ளேயிருந்து வான்கோழியின் உடம்புச் சூடு கதகதவென்று முகத்தில் அடித்தது. கரண்ட் போகிற வழியில் தடை இருந்தால் அங்கே சூடு பிறக்கும் என்று கொக்கு சிஸ்டர் எட்டாம் வகுப்பில் நடத்தியது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. காட்டிலேயே பெரிய தடை இதோ எதிரில் குறட்டை விடுகிறதே.

பக்கத்துக் கதவு வழியாக உள்ளே போய், வான்கோழியின் இறகைத் தூக்கி, நான்கு முட்டைகளையும் அடியில் தள்ளினாள். அது ஒருமுறை அசைந்து வசதி பண்ணிக்கொண்டது. குவார்ட்டர்ஸ் ஒழுகுகிறது என்று ராத்திரியும் அது அந்த நாற்காலியிலேயேதான் இருந்தது.

தினமும் அப்பீலைச் சாக்கு வைத்து வந்து பார்த்தாள்.

"நாளைக்கு வா."

"வர்றேன் சார். நீங்க மட்டும் எழுந்துடாதீங்க."

இப்படி மரியாதை தெரிந்த நுகர்வோரை வான்கோழி பார்த்ததே இல்லை.

ஒருநாள் கியூ நிரம்பியிருந்த நேரத்தில் நாற்காலிக்கு அடியில் கீச்சென்றது. நான்கு குஞ்சுகள் இறகை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, அண்ணாந்து, "அப்பா" என்றன. வான்கோழி குனிந்து பார்த்தது.

"யார் செஞ்ச வேலை இது?"

"நீங்க செஞ்சதுதான் சார்" என்றாள் எமல்டா. "ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும் நீங்களேதான்."

தான் ஒரு வேலையை முடித்ததாக அதுவரை யாரும் வான்கோழியிடம் சொன்னதில்லை. மின்சாரம் செலவாகாமல் நான்கு பயனாளிகள் என்று அன்றே மேலிடத்துக்கு எழுதி, பதவி உயர்வும் வாங்கிக்கொண்டது. கனெக்‌ஷன் மனு, தேவை தீர்ந்துவிட்டதால் தள்ளுபடி.

எமல்டா குஞ்சுகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பின்னால் கனத்த பையோடு நின்ற நீர்க்கோழி அவளை மெல்ல இழுத்து நிறுத்தியது.

"அக்கா, பக்கத்து சீட்டு சாரும் எழுந்திருக்க மாட்டாரா?"

நீதி: அலுவலகத்தில் தடையை நீக்கப் பார்க்காதே, அதன் அடியில் முட்டையை வை.