மீன் லாரியும் உங்கள் தம்பியும்

வால்பராய்சோ,
ஞாயிறு மாலை

பூந்தா அரேனாஸின் பேய்க்காற்றுக்கும் அசைந்து கொடுக்காத மரியாதைக்குரிய அண்ணி எதெல்மிரா அவர்களுக்கு, உங்கள் தம்பி பெண்டாட்டி ஒர்த்தென்சியா அடக்க ஒடுக்கமாகச் சொல்லிக்கொள்வது. உங்கள் முழங்கால், உங்கள் பூனை, உங்கள் கூரைத் தகரம் எல்லாம் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நான் சௌக்கியமில்லை. உங்கள் தம்பி எலியோதோரோ அளவுக்கு மீறிய சௌக்கியத்தில் இருக்கிறார். அதுதான் வினை.

சுங்க இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவர் சோபாவில் சாய்ந்து குதிரைப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் குறை சொல்லவே இல்லை. சோபாவில் கிடக்கிற மனுஷனை ஊரெல்லாம் தேட வேண்டியதில்லை. போன கோடையில் கீழ்த்தெருவில் தையல் மெஷின் கடை இருந்த இடத்தில் ‘இரும்புக் காளை’ என்று ஒரு ஜிம் திறந்தார்கள். அதன் கோச் யெர்கோ என்பவனுக்குக் கழுத்தே கிடையாது; தோள் முடிகிற இடத்தில் தலை ஆரம்பிக்கிறது. அங்கே போகிறவர்கள் தங்களை ஜிம் என்று சொல்லிக்கொள்வதில்லையாம், ‘குடும்பம்’ என்கிறார்களாம். இந்தக் குடும்பத்தில் உங்கள் தம்பி போய்ச் சேர்ந்துவிட்டு வந்து மூச்சு வாங்க நின்றார்.

“அறுபத்தேழு வயசுல புதுசா ஒரு குடும்பம் எதுக்குங்க? இருக்கிற குடும்பத்துக்கே கேஸ் சிலிண்டர் மாத்தத் தெரியல” என்றேன்.

“உடம்புதான் கோயில், ஒர்த்தென்சியா” என்றார். யெர்கோ சொல்லிக் கொடுத்தது.

கோயிலுக்குள் தினமும் காலையில் ஆறு பச்சை முட்டை போகிறது. ஆறுதான், நாலு இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் எம்பனாடா சுட்டால், உள்ளே இருக்கிற கறியை மட்டும் நோண்டித் தின்றுவிட்டு மாவுக் கூட்டை என் தட்டில் வைக்கிறார். மாவு அவருக்கு எதிரியாம். அந்த எதிரியைத் தின்றுதான் இத்தனை வருஷமாக இந்த வயிற்றை வளர்த்தார் என்பது வயிற்றுக்கே தெரியும்.

இது இத்தோடு போயிருந்தால் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்டப் போகிறோம் என்று அந்தக் காளைக் கூட்டம் கிளம்பியது. அங்கே தங்கும் தாய்மார்கள் படுக்க ஓர் அறை கட்டவாம். உண்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனால் போதாதா? போதாது. அதில் போட்டோவுக்குத் தோள் தெரியாதே. மீன் மார்க்கெட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு மீன் லாரியைக் கயிறு கட்டி இழுப்பார்களாம். லாரி தாண்டுகிற ஒவ்வொரு தெருவின் கடைக்காரர்களும் பணம் தருவார்களாம். மரச்சாமான் கடை ஃபெர்மின் இருக்கிறாரே, சவப்பெட்டிக்கும் தள்ளுபடி கேட்கிறவர், அவர் மட்டும், “லாரி ஆஸ்பத்திரி கேட்டுக்குள்ள நுழைஞ்சா, அறைக்கு வேண்டிய கட்டில் மொத்தமும் என் செலவு” என்று சொல்லியிருந்தார். கேட்டுக்கு முன்னால் இருக்கிற மேடு உங்களுக்கு நினைவிருக்கும். நாய்கூட நின்று யோசித்துவிட்டுத்தான் ஏறும். அந்தத் தைரியத்தில் சொன்ன வாக்கு.

லாரி இழுக்க உங்கள் தம்பி பயிற்சி எடுத்தார். எதை வைத்து? என் ஃபிரிட்ஜை வைத்து. இடுப்பில் கயிறு கட்டி அதை வீட்டு நடை நெடுக இழுத்தார், பிளக்கைப் பிடுங்காமல். சுவரிலிருந்து ஸ்விட்ச் போர்டு பெயர்ந்து பின்னாலேயே வந்தது. ஃபிரிட்ஜ் திறந்து, கசுவேலாக் குழம்புக்கு வாங்கி வைத்த கோழி உருண்டு மாடிப்படி இறங்கிப் போய்க் கீழ்வீட்டு மக்லோவியாவின் வாசலில் உட்கார்ந்தது. அவள் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “உங்க கோழிதான் இந்த வீட்டுல புத்தியோட வெளியேறப் பார்த்திருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் கோழியைக் கழுவி அடுப்பில் ஏற்றினேன்.

நேற்றுதான் அந்தத் திருநாள். நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை, அண்ணி. பூசணிக்காய் வாங்கப் போனேன். நொல்பெர்த்தோவின் காய்கறிக் கடை அந்த மேட்டில் இருந்தால் அதற்கு நான் என்ன செய்வது? கடையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. மார்க்கெட்டிலிருந்து நேரடி ஒலிபரப்பு. அந்த யெர்கோ இழுக்கவில்லையாம். இருப்பதிலேயே பெரிய புஜம் வைத்திருப்பவன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டு ஒலிபெருக்கியில், “வலியை நேசிங்க!” என்று கத்திக்கொண்டிருந்தான். மற்றவன் வலி என்றால் நேசிக்க என்ன கஷ்டம்?

ரேடியோப் பெண் உங்கள் தம்பியிடம் வந்தாள். “தாத்தா, இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?”

உடம்பு, கோயில் என்று ஆரம்பிப்பார், ரேடியோவை அணைக்கச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் சொன்னார்: “எங்க பொண்ணு ரொசால்பா சின்ன வயசுல நெஞ்சுச் சளி கட்டி அங்கதான் கிடந்தா. அந்தக் குளிர்காலம் பூரா எம்பெண்டாட்டி நாற்காலியிலயே தூங்கினா. இன்னிக்கு வரைக்கும் அவ கழுத்து இடது பக்கம் திரும்பாது. தெருவுல யாராவது இடது பக்கமிருந்து கூப்பிட்டா மொத்தமாத்தான் திரும்புவா. அதான் நான் எப்பவும் அவளுக்கு வலது பக்கமா நடப்பேன்.”

பாருங்கள் அண்ணி, எவ்வளவு பெரிய அக்கிரமம். இத்தனை வருஷமாக என் கழுத்து வலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத மனிதர், அதைக் கொண்டுபோய் ஊர் முழுக்க ஒலிபரப்பினார். கடையில் இருந்த எல்லோரும் என் கழுத்தைப் பார்த்தார்கள். நொல்பெர்த்தோ பூசணிக்குக் காசு வாங்கவில்லை. என் கண்ணில் வெங்காயக் காரம் பட்டது. அது வெங்காயம்தான், அப்படியே இருக்கட்டும்.

அதற்குள் லாரி வந்துவிட்டது. காளைகள் கன்றுக்குட்டிகளாகியிருந்தன. கறுப்பு பனியன்கள் ஒவ்வொன்றாகத் தெரு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தன. ஒருவன் சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டான். உங்கள் தம்பி முன் கயிற்றில், பீட்ரூட் நிறத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பாதி மேட்டில் அவருடைய கால்சட்டை இடுப்பை விட்டு இறங்கியது. ஆஸ்பத்திரி ஜன்னல்களில் வரிசையாக நின்ற பிள்ளைகள் அதுவரை இந்த வீரர்களைச் சட்டை செய்யவில்லை. அப்போதுதான் கூச்சல் போட்டார்கள். “இழு தாத்தா! டவுசரை விடு, கயித்தை இழு!” அவர் டவுசரை விட்டார், அண்ணி. கயிற்றை விடவில்லை.

அந்த நேரம் பார்த்து யெர்கோ, பிள்ளைகளுக்குப் புஜம் காட்ட லாரிக் கதவைத் திறந்து படியில் ஏறி நின்றான். பிரேக்கிலிருந்து கால் எடுத்துவிட்டான். லாரி பின்னால் நகர ஆரம்பித்தது. கயிற்றோடு உங்கள் தம்பியும் செருப்பு தேயத் தேயப் போனார். பின்னால் வேடிக்கை பார்க்கிற கூட்டம், அதில் தள்ளுவண்டியில் குழந்தை வைத்திருந்தவர்கள் வேறு.

“நொல்பெர்த்தோ, உருளைக்கிழங்கு மூட்டையைத் தள்ளு! நிக்காதே, தள்ளுய்யா!” என்று கத்தினேன். அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. மூட்டை சக்கரத்துக்கு அடியில் போய் விழுந்தது. கிழங்கு நசுங்கியது, லாரி நின்றது. யெர்கோ உள்ளே பாய்ந்து பிரேக்கை மிதித்தான்.

பிறகு நான் பேசினேன். என்ன பேசினேன் என்பதை உங்களைப் போன்ற பெரியவருக்கு எழுத முடியாது. ரேடியோவிலும் பாதிக்கு மேல் அதை மறைத்துப் பாட்டுப் போட்டுவிட்டார்களாம். “ஜன்னல்ல நிக்கிற பிள்ளைங்களுக்கு ஊசி குத்தினாக்கூட உங்கள மாதிரி அழாது. எழுந்திருங்கடா!” என்றது மட்டும் எழுதத் தகும். எழுந்தார்கள். மீன் விற்கிற பெண்கள் கூடையை இறக்கிவிட்டு வந்தார்கள். கேட்டுக்குள்ளிருந்து, வீட்டுச் செருப்போடு, தலை வாராத தாய்மார்கள் ஓடி வந்து கயிற்றைப் பிடித்தார்கள். நான் இழுக்கவில்லை. தரை நசுங்கின கிழங்கால் வழுக்கியது, விழாமலிருக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் உங்கள் தம்பி நின்றார். “வலது பக்கம் வாங்க” என்றேன். வந்தார்.

லாரி கேட்டுக்குள் போனது. ஃபெர்மின் தன் மூஞ்சியை எங்கே வைப்பதென்று தெரியாமல், கட்டிலுக்குக் கால் நாலும் வேணுமா என்று கேட்டார்.

இவ்வளவையும் சொன்னது எதற்கென்றால், நீங்கள் உடனே புறப்பட்டு வந்து உங்கள் தம்பியை அந்தக் குடும்பத்திலிருந்து மீட்டுச் சோபாவில் உட்கார வைக்க வேண்டும். அவர் இந்த உலகத்தில் பயப்படுவது உங்களுக்கு மட்டும்தான். உங்கள் கையை முத்தமிட்டு, உங்கள் வீட்டு அடுப்பு அணையாமலும் கூரை பறக்காமலும் இருக்க வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

என்றும் உங்கள் சொல் தட்டாத,
ஒர்த்தென்சியா

பி.கு.: கையெழுத்து என்னுடையதல்ல என்று முதல் வரியிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். அந்தக் கயிறு என் வலது தோளைப் பிசகவைத்துவிட்டது. குழந்தைகள் ஆஸ்பத்திரி ஆனதால், வாத்துப் படம் போட்ட துணியில் கையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். நான் சொல்லச் சொல்ல முழுக் கடிதத்தையும் எழுதியவர் உங்கள் தம்பி. முட்டைக் கணக்கில் மட்டும் தகராறு செய்தார். மற்றபடி வாயைத் திறக்கவில்லை.

அக்கா, அவள் கண்ணயர்ந்துவிட்டாள், அந்தத் தைரியத்தில் இது. செவ்வாய்க்கிழமை யெர்கோ அவளை ஜிம்முக்குக் கூப்பிட்டிருக்கிறான், பக்கத்தில் நின்று திட்டுவதற்கு. போகிறாளாம். நீ வர வேண்டாம். ரெண்டு பேர் சொல்லச் சொல்ல எழுத எனக்கு ஒரு கைதான் இருக்கிறது.

எலியோதோரோ