மூசைக்கு ஓர் அறை

இனி இந்த வீட்டில் என் பேச்சுதான் எடுபடும் என்று அன்று காலை முடிவு செய்தேன். அந்தத் தைரியத்தைக் கொடுத்தது ஒரு மூசை.

மூசை என்றால் உலோகம் உருக்கும் மண்கிண்ணம். குழாய் பதிக்கக் கொல்லையில் தோண்டியபோது கிடைத்தது. உள்ளே செம்பு உருகிய பச்சைக் கறை. வெளியே உலைச் சூட்டில் கண்ணாடி போல வழிந்த மினுமினுப்பு. அடியில், வனைந்தவரின் விரல் தடம்!

காலியாகக் கிடந்த பின்னறையில் என் மனைவிக்குத் தையல் வகுப்பு நடத்த ஆசை. எனக்கு அங்கே மூசையை நடுநாயகமாக வைக்க ஆசை.

"இந்தச் சட்டிக்கு ஒரு அறையாங்க?"

"சட்டி இல்லை, சரித்திரம்! நூறு வருஷத்துக்கு மேல பழசு."

"எப்படித் தெரியும்?"

"என் கண்ணுக்குத் தப்புமா?"

"சட்டையில மேல் பொத்தான் போய் ஒரு வாரமாச்சு. அது மட்டும் தப்பிடுச்சா?"

பேச்சை மாற்றினேன். "பந்தயம்! நூறைத் தாண்டினா அறை எனக்கு."

"சரிங்க. அருங்காட்சியகத்துலேருந்து ஆளைக் கூப்பிட்டே கேட்டுடுவோம்."

எலி தானாகவே பொறிக்குள் வருகிறது என்று பூரித்தேன்.

அதிகாரி அம்மா வந்தார். பூதக்கண்ணாடியை வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"வடிவத்தைப் பார்த்தா முந்நூறு வருஷம் இருக்கலாம். ஒட்டியிருக்கிற கரித்துகளைச் சோதிச்சா உறுதியாச் சொல்லலாம்."

"கேட்டியா? முந்நூறு!" துள்ளினேன்.

"கேட்டேங்க. இன்னும் கூடவே இருக்குமோ மேடம்? நல்லாப் பாருங்களேன்."

என் பக்கமே பேசுகிறாள்!

"இவ்வளவு பழசை வீட்டுல வெச்சுக்கலாமா மேடம்?"

"கூடாதும்மா. மண்ணுக்குள்ள கிடைச்சது. அருங்காட்சியகத்துலதான் இருக்கணும்."

"அதுக்குத்தான் பெட்டியில வைக்கோல் பரப்பி வெச்சிருக்கேன்."

எலி யார் என்று அப்போதுதான் புரிந்தது.

"அறை எனக்குத்தானே?" முனகினேன்.

"பந்தயம்னா பந்தயம்தாங்க. அறை உங்களுக்குத்தான். உள்ளே எதை வைக்கப் போறீங்க?"

இப்போது மூசை அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பேழைக்குள் கம்பீரமாக இருக்கிறது. கீழே 'கண்டெடுத்தவர்' என்று என் பெயர். போய்ப் போய்ப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொள்கிறேன்.

பின்னறையிலோ தையல் இயந்திரங்கள் கடகடக்கின்றன. வகுப்பில் இடம் கிடைப்பதே கஷ்டம். அறைக்குச் சொந்தக்காரன் என்பதால் எனக்கு மட்டும் முன்வரிசை.

இன்றைய பாடம்: பொத்தான் தைப்பது.