உட்கார்ந்த செலவு

என் மின்சார பிக்கப் வண்டியை எக்காரணம் கொண்டும் விற்க விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். முடிவை மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. அவ்வளவு உறுதியான முடிவு அது.

பதினேழு வருடம் வெளிநாட்டில் உழைத்துவிட்டுத் திரும்பியவனுக்கு வீடு திறந்துதான் இருந்தது. இடம்தான் இல்லை. நான் இல்லாத காலத்தில் அவள் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் தொழிலை வளர்த்திருந்தாள். கூடத்தில் ஆறு தையல் மெஷின்கள். படுக்கையறையில் கூரைவரை நீலத் துணிக் கட்டுகள். சாப்பாட்டு மேசை கட்டிங் மாஸ்டருக்கு. அசந்துபோய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால், "சார், கொஞ்சம் எழுந்திரிங்க, அடியில காலர் மாட்டிக்கிச்சு" என்பார் மாஸ்டர். சொந்த வீட்டில் நான் 'சார்'. வந்து போகிற ஆளை அப்படித்தானே கூப்பிட வேண்டும்.

அதனால்தான் சேமிப்பைப் போட்டு வண்டியை வாங்கினேன். சரக்கு சவாரி ஓட்டப் போவதாக ஊருக்குச் சொன்னேன். வாரத்துக்கு இரண்டு சவாரி வந்தது. மிச்ச நேரமெல்லாம் வாசலில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டுக்கொண்டு முன்சீட்டில் சாய்ந்திருப்பேன். எஞ்சின் இரைச்சல் இல்லை. எழுந்திரிக்கச் சொல்ல ஆள் இல்லை. உலகத்தில் எனக்கென்று மிச்சமிருந்த ஒரே அறை அது. சக்கரம் வைத்த அறை.

அதற்கும் ஒரு காலையில் வினை வந்தது.

"என்னங்க, அந்த வண்டியை வித்துடலாமா?"

"ஏன், அது உன்னை என்ன பண்ணுச்சு?"

"கரண்டை அந்தக் குடி குடிக்குதே."

"இதுவா? டீசல் வண்டிச் செலவுல நாலுல ஒரு பங்குகூட ஆகாது!"

"யார் சொன்னா?"

"வண்டியே சொல்லுது. திரையில வந்து பாரு. நூறு கிலோமீட்டருக்கு இருபத்தாறு யூனிட்."

"அது வண்டி குடிச்சது. நாம ஊத்தினது எவ்வளவு?"

"ஊத்தினதா?"

"சார்ஜ் ஏறும்போது ஒயர் சூடாகுது, பெட்டி சூடாகுது. அந்தச் சூடெல்லாம் யார் வீட்டு கரண்டு? வண்டி தன்னைப் பத்தி நல்லபடியாத்தான் சொல்லிக்கும். நீங்க சுவத்துல இருக்கிற மீட்டரைப் பார்த்துக் கணக்குப் போடுங்க. ஒரு வாரம் டைம். மலிவுன்னு எழுதிக் குடுத்தா இருக்கட்டும். இல்லைன்னா வித்துடலாம்."

பதினேழு வருடம் மீட்டரோடு தனியாகக் குடித்தனம் நடத்தியவள். அவளிடம் யூனிட் பேசியது என் தப்பு.

திங்கட்கிழமை சார்ஜை முழுசாக ஏற்றி, மீட்டரைக் குறித்துக்கொண்டு கிளம்பினேன். அந்த வாரம் நான் ஓட்டியதை ஓட்டுவது என்று சொல்ல முடியாது. தாலாட்டினேன். லாரிகள் ஹாரன் அடித்து ஓய்ந்தன. ஒரு சைக்கிள்காரர் என்னைத் தாண்டிப் போகும்போது, "என்ன சார், தள்ளிவிடணுமா?" என்று பரிவோடு கேட்டார். ஓடும்போது ஏசியைத் தொடவில்லை. சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும். மொத்தம் முந்நூறு கிலோமீட்டர்.

ஆனால் வாசலுக்கு வந்து நின்றதும் வைராக்கியம் நின்றுவிடும். ஐந்து நிமிடம்தான் என்று ஏசியைப் போடுவேன். இருட்டியபின் இறங்குவேன்.

வாரக் கடைசியில் திரும்ப முழுசாக ஏற்றிவிட்டு மீட்டரைப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு யூனிட்! திரையைத் தட்டினேன். ஓடியதற்கு, நின்றதற்கு என்று அது தனித்தனியாகப் பிரித்துக் காட்டியது. சூட்டில் போனதையும் சேர்த்துப் பார்த்தால் ஓட்டத்துக்கு எண்பத்தேழு. மிச்சம் இருபத்தைந்தும் நான் உட்கார்ந்த செலவு.

ஒரு மனிதன் சும்மா இருப்பதற்கு இவ்வளவு செலவா என்று எனக்கே மனசு கனத்தது. அதை எழுதினால் வண்டி போய்விடும். எழுதாவிட்டால் கணக்கு இடிக்கும். அப்போதுதான் நினைவு வந்தது: வண்டி சார்ஜ் ஆகிற லைனும் இஸ்திரி அறை லைனும் ஒரே மீட்டர். புதுத் தாளை எடுத்தேன். 'வண்டி ஓட்டம்: 87. இஸ்திரி: 25. ஆக மொத்தம்: 112.' கையெழுத்தும் போட்டேன்.

அவள் தாளை இரண்டு முறை படித்தாள். "இவ்வளவு மலிவா?" என்றாள். நாலாக மடித்து எடுத்து வைத்துக்கொண்டாள். கேள்வியே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கேள்வி கேட்காத மனைவியைப் பார்த்துப் பயப்படும் அளவுக்கு நான் அவளோடு வாழ்ந்ததில்லை.

மறுநாள் காலை வாசலுக்கு வந்தால், ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவள். பக்கத்து சீட்டில் கட்டிங் மாஸ்டர். பின்னால் மூட்டை மூட்டையாகச் சீருடை.

"எங்க கிளம்பிட்டே?"

"டெலிவரிக்கு. வாடகை வேனை நேத்தோட நிறுத்திட்டேன்."

"இது என் வண்டி!"

"வண்டியைக் குடுங்கன்னு நேராக் கேட்டிருந்தா, சீட்டு அழுக்காகும்னு சொல்லியிருப்பீங்க. இப்ப எவ்வளவு மலிவுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுட்டீங்களே. அதை நம்பி மூணு பள்ளிக்கூடத்துக்கு விலையைக் குறைச்சுக் குடுத்துட்டேன்."

"விக்கலாம்னு சொன்னியே?"

"சொல்லாட்டி நீங்க கணக்கு எழுதுவீங்களா?"

மாஸ்டர் சீட்டை இன்னும் கொஞ்சம் சாய்த்துக்கொண்டார். "ஏசி நல்லா இருக்கு சார்" என்றார்.

"எப்ப திரும்பி வருவே?"

"சாயங்காலம். இனிமே தினமும் அப்படித்தான்."

"அப்ப நான் எங்க உட்கார்றது?"

வாய் தவறி வந்துவிட்டது. அவள் தாளை எடுத்துப் பிரித்தாள்.

"இதுல யாரும் உட்கார்ந்ததா இல்லையே?"

"இல்ல... அந்த இருபத்தஞ்சு..."

"அது இஸ்திரின்னு எழுதியிருக்கீங்க. இஸ்திரிப் பெட்டி பத்து நாளா ரிப்பேர் கடையில கிடந்துச்சு. நேத்துதான் வந்துச்சு." குரலை உயர்த்தவே இல்லை. "கணக்குப் பொய்யாகிடக் கூடாது பாருங்க. சட்டையெல்லாம் இஸ்திரி அறையில வெச்சிருக்கேன். தேய்ச்சுடுங்க."

வண்டி சத்தமே இல்லாமல் போனது.

இருபத்தைந்து யூனிட் என்பது, நின்றுகொண்டே தேய்த்தால், முழுசாக நாலு நாள்.