தொட்டிலில் தூங்கிய ஆஃப்சைடு விதி

சுப்பையா அண்ணன் அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தார்? மூன்று வருஷமாக யோசிக்கிறேன், விடை கிடைக்கவில்லை. யோசித்து யோசித்து அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம். (வீட்டில் கேட்டால் "பிள்ளை அழுதுச்சு" என்று சொல்லிவிடுவேன். பிள்ளை பாவம்.)

ஒரு மனைவிக்குப் பொறாமை வருவதென்றால் இன்னொரு பெண்மேல் வர வேண்டும். அதுதான் முறை. பக்கத்து வீட்டில் சொன்னாலும் புரியும். எனக்கு வந்தது, முறுக்கு மீசையும் முழங்காலில் எப்போதும் மண்ணுமாக இருந்த ஓர் ஆண்பிள்ளைமேல். மில் ஆபீஸில் வேலை பார்த்த அவர்தான் சுப்பையா அண்ணன், எங்கள் வீட்டுக்காரரின் சிநேகிதர். இருவரும் ஒரே ஃபுட்பால் கிளப். இருவரும் 'பேக்'. அதாவது தங்கள் கோலுக்கு முன்னால் நின்று எதிராளியைத் தடுக்கிறவர்கள்.

அவர்களிடம் ஒரு வித்தை இருந்தது. அந்தக் காலத்து விதிப்படி, முன்னால் அடிக்கும் பந்தை வாங்கப் போகிறவனுக்கும் கோலுக்கும் நடுவே எதிர்க்கட்சியார் மூன்று பேராவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆஃப்சைடு, நடுவர் விசில் ஊதிவிடுவார். கோல் காப்பவர், எங்கள் வீட்டுக்காரர், சுப்பையா அண்ணன் என்று மூன்று பேர் நிற்பார்கள். எதிராளி நெருங்கும்போது இவர், அதாவது எங்கள் வீட்டுக்காரர், தொண்டையைச் செருமுவார். உடனே சுப்பையா அண்ணன் நாலடி முன்னே போய்க் கையைத் தூக்குவார். எதிராளிக்கும் கோலுக்கும் நடுவே இப்போது இரண்டே பேர். விசில்! இந்த ஒரு செருமலால் முந்தைய வருஷம் கோப்பையே எங்கள் கிளப்புக்கு வந்தது.

ஒரு செருமலுக்கு அம்புட்டு மரியாதை! நானும் ஒருநாள் சாயங்காலம் முழுக்கச் செருமிப் பார்த்தேன். "கஷாயம் வச்சுக் குடி" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

இவருக்குச் சர்க்கார் கச்சேரியில் வேலை முடிந்ததும் நேரே மைதானம். அங்கிருந்து சுப்பையா அண்ணனையும் கூட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். நான் காயவைத்த வற்றலைத் தரையில் பரப்பி, இது நான், இது நீ என்று இருவரும் ஆட்டம் போட்டுப் பார்ப்பார்கள். அந்தப் பதினொரு வற்றலில் எனக்கு ஒரு வற்றல் கிடையாது.

அப்போது எங்கள் வள்ளிக்குப் பதினோராம் மாதம். பேரையூரில் குலதெய்வம் கோவிலில் காதுகுத்து வைத்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கோ உடன்பிறந்தவன் இல்லை.

"சுப்பையா மடியில வச்சிருவோம்" என்றார் இவர்.

"தங்கச்சி, மாமன் சீரு அம்புட்டும் நான் கொண்டாந்துருவேன்!" என்று சுப்பையா அண்ணன் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவன் போதாதென்று பிள்ளையுமா?

"வேணாண்ணே. எங்க பெரியப்பா மகன் இருக்காரு, கோவிச்சுக்கிருவாரு" என்றேன். (பெரியப்பா மகனுக்கு வள்ளி பிறந்ததே தெரியாது. அப்புறம் கடுதாசி எழுதித்தான் தெரிவித்தேன்.) சுப்பையா அண்ணன் சிரிப்பை மெல்ல மடித்து வைத்துக்கொண்டு, "சரி தங்கச்சி, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. அதற்கு முந்தைய வியாழக்கிழமை தபால்காரர் ஒரு கடிதம் கொடுத்தார். இவர் கிளப்புக்குக் காரியதரிசியும்கூட. கோப்பை நடத்துகிறவர்கள் இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள். எட்டாவது வரை படித்த திமிரில் பிரித்துப் படித்தேன். சீமையில் ஆஃப்சைடு விதியை மாற்றிவிட்டார்களாம், இனி மூன்று பேர் வேண்டாம், இரண்டு பேர் இருந்தால் போதுமாம், இந்தக் கோப்பைக்கும் அதுதான் சட்டமாம்.

மூன்று இரண்டானால் என்ன குடி முழுகிவிடும் என்றுதான் நினைத்தேன். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். இந்தக் கடிதத்தைக் கொடுத்தால் கிளப் முழுவதும் எங்கள் வீட்டில் கூடும், ஞாயிற்றுக்கிழமையும் வற்றலோடு போய்விடும், காதுகுத்துக்கு நானும் பெரியப்பா மகனும் மட்டும் நிற்போம். கடிதத்தை மடித்து, வள்ளியின் தொட்டிலில் விரிக்கும் துணிகளுக்கு அடியில் செருகினேன். திங்கட்கிழமை கொடுத்துவிடலாம்.

காதுகுத்து நன்றாக நடந்தது. திங்கட்கிழமை வந்தது. கொடுக்கலாம்தான், ஆனால் உறையில் தபால் முத்திரை இருக்கிறதே! வியாழக்கிழமை வந்ததை ஏன் இன்று தருகிறாய் என்றால்? செவ்வாய்க்கிழமை, முத்திரையை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். புதன்கிழமை, அப்படி யோசித்ததற்காகச் சாமி முன்னால் அழுதேன். சனிக்கிழமை ஆட்டமே வந்துவிட்டது.

மனம் கேட்காமல் அன்று நானும் போனேன். மைதானத்தின் ஓரத்தில் ஜட்காவுக்குள், திரைக்குப் பின்னால், மடியில் வள்ளி. எதிர்க்கட்சி கோரிப்பாளையத்துக் கிளப். அவர்களுக்கும் அதே கடிதம் போயிருக்கும். அவர்கள் வீட்டில் தொட்டில் இல்லை போலும்.

எதிராளி பந்தோடு நெருங்கினான். இவர் செருமினார். சுப்பையா அண்ணன் நாலடி முன்னே போய்க் கையைத் தூக்கினார். விசில் இல்லை. எதிராளி அவரைத் தாண்டி ஓடிக் கோல் போட்டுவிட்டுத் திரும்பியும் வந்துவிட்டான். கை மட்டும் அப்படியே நின்றது.

இரண்டாவது கோல். மூன்றாவது. செருமல் சத்தம் ஜட்கா வரைக்கும் கேட்டது. கூட்டத்தில் ஒருவர் கத்தினார்: "யண்ணே, கைய இறக்குங்க! ஜட்காவா நிறுத்துறீக?"

எங்கள் ஜட்காக்காரர் ரோஷத்தோடு என் பக்கம் திரும்பி, "நம்ம வண்டிதான் ஏற்கெனவே நிக்கிதேம்மா" என்றார்.

இவர் நடுவரிடம் ஓடினார். "சார், ஆஃப்சைடு சார்! பின்னாடி ரெண்டு பேருதான் இருந்தோம்!"

"ரெண்டு பேரு போதும்யா. புது ரூல். தபால் வரலியா ஒமக்கு?"

"எந்தத் தபாலு?"

திரையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொண்டேன். ஆறு கோல் வாங்கித் தோற்றார்கள்.

அன்றும் இருவரும் வீட்டுக்குத்தான் வந்தார்கள். இவர் நேரே கிணற்றடிக்குப் போனார். தூக்கம் கலைந்து அழுத வள்ளியை வழக்கம்போல் சுப்பையா அண்ணன் தொட்டிலிலிருந்து தூக்கினார். துணியோடு சேர்ந்து கடிதமும் வந்து விழுந்தது. ஒன்பது நாளாகப் பிள்ளைக்கு அடியில் கிடந்த கடிதம். எந்த நிலையில் இருந்தது என்று தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டாம்.

எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இவர் வருகிற சத்தம் கேட்டதும், கொஞ்சமும் முகம் சுளிக்காமல் அதைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"மாப்ள, என்னைய அடி. தபாலு எங்கிட்டதான் இருக்கு. போன வாரம் ஒங்க வீட்டு வாசல்ல தபால்காரரு குடுத்தாரு. பையில வச்சு மறந்துட்டேன்."

இவர் வாங்கிப் பார்த்தார். "ஏன்டா ஈரமா இருக்கு?"

"வேர்வ, மாப்ள."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து வந்தது, "காப்பி ஆறுது" என்பதுதான்.

மறுநாளே சுப்பையா அண்ணனைக் கிளப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் இடத்துக்கு வந்த பையன், முதல் ஆட்டத்தில் இவர் செருமியதும், "தண்ணி வேணுமாண்ணே?" என்று கேட்டானாம். அந்தப் பருவத்தில் மிச்சமிருந்த எல்லா ஆட்டத்திலும் தோற்று, கோப்பை வாங்கிய கிளப் கடைசி இடத்துக்குப் போனது. இவர் ஆட்டத்தையே விட்டார். சுப்பையா அண்ணனோடு அன்று விட்ட பேச்சு இன்றுவரை இல்லை.

எங்கள் வீட்டில் எதை மறந்தாலும் அதற்குப் பெயர் 'சுப்பையா தபால்'. உப்பு வாங்க மறந்தால் சுப்பையா தபால். குடையைத் தொலைத்தால் சுப்பையா தபால். வள்ளிகூட மழலையில் சொல்கிறாள், எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

சகோதரிகளே, இவர் இப்போது ஐந்தரை மணிக்கு வீட்டில் இருக்கிறார். வள்ளிக்குக் கதை சொல்கிறார், என்னோடு உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். நான் ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் தெருவில் சுப்பையா அண்ணன் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், வீட்டுக்கு வந்து வற்றலைத் தரையில் பரப்பிவிட்டு மறுபடி அள்ளி வைக்கிறார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். சொன்னால் ஒரு மாதம் என்னோடு பேசமாட்டார், அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அந்த ஒரு மாதமும் சுப்பையா அண்ணனோடு பேசிக்கொண்டிருப்பாரே! உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்ததுண்டா? நான் என்ன செய்யட்டும்? தயவுசெய்து இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள்.