பூட்டிய கதவும் இரண்டு கடைகளும்

வாஷிங் மெஷினின் வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய புது யூனிஃபார்ம் சுருண்டு கிடந்தது. கதவு திறக்கவில்லை. மேலே சின்னத் திரையில் ஒரே வரி: 'கதவு பூட்டப்பட்டுள்ளது. ஆப் மூலம் திறக்கவும்.'

"துணி துவைக்கிற மெஷினுக்கு எதுக்குங்க ஆப்பு?" என்று நர்ஸ் கத்தினாள்.

இன்று அவள் தலைமை நர்ஸாகப் பொறுப்பேற்கிறாள். மற்றவர்களுக்கு வெள்ளை, தலைமை நர்ஸுக்கு மட்டும் கருநீலம். எத்தனையோ வருஷம் கண் விழித்து வார்டு வார்டாக நடந்ததற்குக் கிடைத்த நிறம். புதுத்துணி மொடமொடவென்று இருக்கிறதே, ஒரு அலசு அலசலாம் என்று போட்டது குற்றமாகிவிட்டது.

பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தாள். பூட்டு அசையவில்லை. திரும்பச் செருகினால் அதே வரி. கம்பெனிக்குப் போன் போட்டால் ஒரு பெண்குரல், "ஆப்பில் திறக்கவும், நன்றி" என்று சொல்லி வைத்துவிட்டது.

"ஆப் தானே? இதோ, ஒரு நிமிஷம்" என்று கணவர் தன் போனோடு வந்து மெஷின் முன்னால் சம்மணம் போட்டார்.

அவர் போனிலிருந்த ஆப் கடையில் மெஷினின் பெயரில் ஏழெட்டு ஆப் கிடந்தன. முதலில் எடுத்தது, சோப்புக் குமிழிகளைக் குத்தி உடைக்கும் விளையாட்டு. இரண்டாவது, 'உங்கள் போனில் வைரஸ்!' என்று ஊளையிட ஆரம்பித்து, அணைத்தாலும் ஓயவில்லை.

சோபாவில் படுத்திருந்த அவள் தம்பி எழுந்து வந்தான். ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று போன வருஷம் வந்தவன். கையில் வீட்டிலேயே விலை உயர்ந்த போன்.

"மாமா, உங்க கடை சந்தைக்கடை. எவன் வேணா துண்டு விரிச்சு எதை வேணா விப்பான். எங்க கடையில வாசல்ல ஆள் நின்னு சோதிச்சுத்தான் உள்ளே விடுவான்."

"ஆமா மாப்ளே, சோதிச்சுச் சோதிச்சு உங்க கடையில வேண்டிய பொருள் ஒண்ணும் இருக்காது. இருந்தா யானை விலை இருக்கும்."

"பாதுகாப்புக்கு விலை உண்டு மாமா."

"சுதந்திரத்துக்கு விலையே இல்லைடா!"

"எனக்கு யூனிஃபார்ம் வேணும்!" என்றாள் நர்ஸ். முகத்தில் கடுகைப் போட்டால் வெடித்திருக்கும்.

தம்பியின் கடையில் சரியான ஆப் இருந்தது. ஆனால் போனைப் புதுப்பித்தால்தான் தருவேன் என்றது. புதுப்பிக்கச் சொன்னான். திரை வெள்ளையாகி, ஒரு கோடு மட்டும் நத்தையாக நகர்ந்தது.

கணவருக்கு வாயெல்லாம் பல். "என்ன மாப்ளே, காவல்காரன் உன்னையே வெளியே நிறுத்திட்டானா?"

அந்த உற்சாகத்தில் அவர் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். அவர் போனைத் தயாரித்த கம்பெனியே தனியாக ஒரு ஆப் கடை வைத்திருந்தது. அங்கே ஆப் கிடைத்தது. இறக்கினார். 'உங்கள் இயந்திரம் கிடைத்தது' என்று வந்தது. 'திற' என்பதை அமுக்கினார்.

'க்ளிக்.'

நர்ஸ் பாய்ந்து கைப்பிடியைத் தொடுவதற்குள், 'டக்.' பூட்டிக்கொண்டது.

மறுபடி அமுக்கினார். 'க்ளிக்.' உடனே, 'டக்.'

அதற்குள் தம்பியின் போன் உயிர் பெற்று, அவனும் ஆப்பை இறக்கியிருந்தான். கணவர் அவனை முறைத்தார்.

"நான் திறக்கத் திறக்க நீ பூட்டறே!"

"நான் திறக்கத்தான் அமுக்கறேன்! பூட்டறது உங்க கண்ட கடைச் சரக்கு!"

"யாரு சரக்கைக் கண்ட கடைச் சரக்குங்கறே? என் வீட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டு!"

"சோத்தைப் பத்திப் பேசாதீங்க. சமைக்கறது எங்க அக்கா!"

"ரெண்டு பேரும் போனைக் கீழே வைங்க!"

இரண்டு போன்களும் தரைக்கு வந்தன. நர்ஸ் தானே ஒன்றை அமுக்கினாள். க்ளிக். யாரும் எதையும் தொடவில்லை. டக்.

"புரிஞ்சு போச்சு அக்கா," என்றான் தம்பி. "ரெண்டு கடைக்கும் தொழில் போட்டி. ஒருத்தன் ஆப் திறந்தா இன்னொருத்தன் ஆப் பூட்டுது."

வாழ்க்கையில் முதல்முறையாகக் கணவர் மச்சினனை ஆமோதித்தார். யாருடையதை அழிப்பது என்று இருவரும் ஒரு மூச்சு சண்டை போட்டு, கடைசியில் நியாயமாக இரண்டையும் அழித்தார்கள். இப்போது க்ளிக்கும் இல்லை.

நர்ஸின் போன் அடித்தது. மேட்ரன்.

"சிஸ்டர், எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம். எங்கே இருக்கீங்க?"

"வந்துட்டேம்மா" என்று போனை வைத்தாள். அடுப்படிக்குப் போய்ச் சுத்தியலோடு வந்தாள்.

"ஐயையோ, கேரண்டி போயிடும்!" என்றார் கணவர்.

"தள்ளுங்க."

முதல் அடி கண்ணாடிக்கு. இரண்டாவது, சந்தைக்கடைக்கு. மூன்றாவது, காவல்காரனுக்கு. நான்காவது அடி யாருக்கு என்று ஆண்கள் இருவருக்கும் சொல்லாமலே தெரிந்தது. போன்களைத் தரையில் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. தேங்கியிருந்த நுரைத்தண்ணீர் தரையில் ஓடி இரண்டு போன்களையும் நனைத்தது. குனிந்து எடுக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

கருநீல யூனிஃபார்மை உருவி எடுத்து உதறினாள். கைப்பக்கம் ஒரு சாண் கிழிந்திருந்தது. அப்படியே அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியது அழுகையால் அல்ல, ஆத்திரத்தால்.

வாசல் மணி அடித்தது.

மாடி வீட்டு ரிடையர்டு ஸ்டேஷன் மாஸ்டர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, போனை நீட்டியபடி நின்றார்.

"ஏம்மா, உங்களைப் பார்த்து நாங்களும் அதே மெஷின் ஒண்ணு வாங்கினோம். காலையிலேர்ந்து 'பூட்டு' பட்டனை அமுக்கிக்கிட்டே இருக்கேன், போன்ல 'பூட்டியாச்சு'ன்னு வருது, எங்க கதவு மட்டும் ஆன்னு திறந்தே கிடக்கு. நீங்க எந்தக் கடையிலேம்மா ஆப் எடுத்தீங்க?"