மாமனார் கிளம்ப ஒரு போல்ட்

அந்த ஒரு போல்ட் மட்டும் கழன்றுவிட்டால் மாமனார் கிளம்பிவிடுவார். அதுதான் கழல மாட்டேன் என்றது.

வீட்டு வாசலில் ஒரு சின்ன லாரி, பின்சக்கரம் ஒன்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஜாக்கியின் மேல் ஒருக்களித்து நின்றது. அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரரைத் தெருவில் எல்லோரும் 'கம்பெனி' என்றுதான் கூப்பிடுவார்கள். இருப்பது ஒரே வண்டி. அதற்கு முதலாளி, டிரைவர், கிளீனர், கணக்குப்பிள்ளை எல்லாம் அவர் ஒருவரே.

நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்த மாமனார், ஒரு மழைக்காலத்தையும் ஒரு வெயில்காலத்தையும் பார்த்துவிட்டார். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த சாய்வு நாற்காலி அவருடையதாகிவிட்டது. டிவி ரிமோட் அவர் சட்டைப்பையிலேயே குடியிருந்தது. கம்பெனி வண்டியை எடுக்கப் புறப்படும் நேரம் பார்த்துத்தான் அவர் குளிக்கப் போவார். அதற்காக, 'எப்போது கிளம்புகிறீர்கள்' என்று எந்த மாப்பிள்ளையாவது வாயைத் திறந்து கேட்க முடியுமா?

இப்படி இருக்கும்போதுதான், சாப்பாட்டு நேரத்தில் மாமனாரே பேச்சை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகன் வீட்டுக்குப் போக வேண்டும், மாப்பிள்ளையின் வண்டி வேண்டும் என்றார்.

கம்பெனியின் கை பாதி வழியில் நின்றுவிட்டது. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, லாரி. அப்படியென்றால் கட்டில், பெட்டி எல்லாம் சேர்ந்து போகிறது. ஏன், எதற்கு என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கப்போய்ப் பெரியவர் மனசு மாறிவிட்டால்?

கோளாறு வண்டியில் இருந்தது. பின்பக்கம் பாரம் தாங்குகிற ஸ்பிரிங் பட்டை உடைந்து, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லிவிட்டார். வேறு வண்டி பிடிக்கலாமா என்று கம்பெனி மெதுவாக இழுத்துப் பார்த்தார்.

"சொந்த வண்டி வாசல்ல நிக்கும்போது வாடகை வண்டியா? ஊர் சிரிக்காதா மாப்பிள்ளை?" என்றுவிட்டார் மாமனார்.

செவ்வாய்க்கிழமை வரை அந்த நல்ல மனசு தாங்குமா என்பது கம்பெனிக்குச் சந்தேகமாக இருந்தது. புதுப் பட்டையை வாங்கிவந்தார். ஞாயிறு விடிந்ததும் வண்டிக்கடியில் நுழைந்தார். பழைய பட்டையைப் பிடித்திருந்த போல்ட், துருவேறி, இரும்போடு இரும்பாக ஒட்டிக்கிடந்தது.

ஆச்சரியம் என்னவென்றால், மாமனாரும் கூடவே எழுந்து வந்து, ஒரு ஸ்டூலைப் போட்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். டார்ச் பிடித்தார். விசிறினார். எண்ணெய் விட்டால் இளகும் என்று யோசனை சொன்னதும் அவர்தான்.

எண்ணெய் டப்பா முழுவதையும் கம்பெனி கவிழ்த்தார். போல்ட் இளகவில்லை, ஸ்பேனர் இளகிற்று. வழுக்கிக்கொண்டு போனதில் விரல் முட்டிகளில் தோல் உரிந்தது. நட்டின் முனைகள் மழுங்கி, அது கோலிக்குண்டு மாதிரி உருண்டையாகிவிட்டது.

"பிடி நீளமா இருந்தா பலம் கிடைக்கும்" என்றார் மாமனார்.

கொல்லையில் துணி காயப்போடும் கொடியை ஓர் இரும்புக் குழாய் தாங்கிக்கொண்டிருந்தது. கம்பெனி அதைப் பிடுங்கிவந்தார். அப்போதுதான் துவைத்துப் போட்டிருந்த துணியெல்லாம் மண்ணில் விழுந்தது அவருக்குத் தெரியாது. பெரிய குறடால் நட்டைக் கவ்வி, கைப்பிடியில் குழாயைச் செருகி, இரண்டு கைகளாலும் தொங்கினார். டக் என்று ஒரு சத்தம்.

"வந்துடுச்சு மாமா."

வந்தது நட்டும் போல்ட்டின் நுனியும் மட்டும். மிச்சம் உள்ளேயே சௌக்கியமாக இருந்தது. உருண்டுவந்த துண்டை மாமனார் பொறுக்கியெடுத்து ஊதிப் பார்த்தார்.

"பாதி வந்துடுச்சே. இன்னும் பாதிதானே மாப்பிள்ளை."

கம்பெனியின் மனைவி தலையில் ஒட்டடையோடும் கையில் துடைப்பத்தோடும் மாடியிலிருந்து இறங்கிவந்தாள். காலையிலிருந்து மாடி அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். வருத்தம் வந்தால் சிலர் அழுவார்கள், சிலர் வீட்டைச் சுத்தம் செய்வார்கள் என்று கம்பெனி நினைத்துக்கொண்டார். மண்ணில் கிடந்த துணியைப் பற்றி அவள் சொன்னதையெல்லாம் தலைகுனிந்து கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி ஆறுதல் சொன்னார்.

"உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். மனசைத் தேத்திக்க."

"எனக்கென்ன கஷ்டம்? சாயங்காலத்துக்குள்ள வண்டி ரெடியாகுமா ஆகாதா, அதைச் சொல்லுங்க."

என்ன கல்மனசு என்று அவர் வியந்துபோனார்.

அடுத்த வீட்டில் ஒரு வெல்டர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தூக்கத்திலிருந்து அவரை எழுப்பிக் கூட்டிவந்தார் மாமனார். சூடு காட்டினால் எப்பேர்ப்பட்ட போல்ட்டும் வழிக்கு வரும் என்று வெல்டர் கேஸ் பர்னரைப் பற்றவைத்தார். காலையில் கவிழ்த்த எண்ணெய் அத்தனையும் அங்கேதான் சொட்டிக்கொண்டிருந்தது. குப்பென்று பிடித்தது. கரும்புகை மாடிவரை போயிற்று. எதிர்வீட்டு அம்மா யாரையும் ஒன்றும் கேட்காமல் இரண்டு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வீசினார். தீயும் அணைந்தது, வெல்டரும் அணைந்தார். சொட்டச் சொட்ட நனைந்தவர், இனி இந்தப் பக்கம் கூப்பிட்டால் மரியாதை கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பழுக்கக் காய்ந்த இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டதில் போல்ட்டுக்கு என்ன தோன்றிற்றோ, கம்பெனி வெறுத்துப்போய் ஓங்கிய சம்மட்டியின் முதல் அடியிலேயே துள்ளி வெளியே வந்தது. போகிற வழியில் எதிர்வீட்டுப் பூந்தொட்டி ஒன்றை உடைத்துவிட்டுப் போயிற்று.

ஆனால் அடித்த அடியில் பட்டையைத் தாங்கும் சட்டம் வளைந்து, புதுப் பட்டையின் துளை நேராக அமரவில்லை. கம்பெனி தளர்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமனார் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, தானே வண்டிக்கடியில் நுழைந்தார்.

"உங்களுக்கெதுக்கு மாமா இந்த வயசுல?"

"இன்னைக்கு விட்டா முடியாது மாப்பிள்ளை. நீங்க கம்பியை நெம்புங்க, நான் தள்ளறேன்."

மாமனார் தள்ள, மாப்பிள்ளை நெம்ப, புது போல்ட் உள்ளே போய் உட்கார்ந்தது. எண்ணெயும் கரியுமாக வெளியே வந்த பெரியவரின் முகத்தைக் கம்பெனி தன் துண்டால் துடைத்துவிட்டார். இப்படிப்பட்ட மனிதரையா எப்போது போவார் என்று எண்ணிக்கொண்டிருந்தோம்? இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல வாயெடுத்து, நல்லவேளையாக மூடிக்கொண்டார்.

சாயங்காலம் புறப்படும்போது மாமனார் வெறுங்கையோடு முன்சீட்டில் ஏறினார்.

"கட்டில், பெட்டி எல்லாம் ஏத்திடலாமா மாமா?"

"அதெல்லாம் இருக்கட்டும். போகும்போது வண்டி காலியாவே போகட்டும். இப்பத்தானே பட்டை மாட்டியிருக்கு."

வண்டியின் மேல்கூட என்ன கரிசனம். பெட்டியை நாளைக்கே, விடிந்ததும் முதல் வேலையாகக் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும் என்று கம்பெனி முடிவு செய்துகொண்டார். வழியெல்லாம் வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடிற்று. அவரும் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினார்.

மைத்துனர் வீட்டு வாசலில் பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ், பாத்திர மூட்டை எல்லாம் வரிசையாக வைத்திருந்தார்கள். மைத்துனர் பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். அப்பாவுக்காக வீட்டையே ஒழித்துத் தந்திருக்கிறார்களே என்று கம்பெனிக்குக் கண் கலங்கிவிட்டது.

மைத்துனரின் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"மாமா போன்ல சொன்னப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சுண்ணே. எங்க குடும்பத்தையே உங்க வீட்டோட வச்சுக்கறதுக்காக, விடியக்காலையிலேருந்து வண்டிக்கடியில படுத்துக் கிடக்கறீங்களாமே."