ஐம்பத்தொரு வயதுப் பிள்ளையைத் திருப்பிக் கேட்டு அக்காவுக்கு

என்னை அடித்து வளர்த்தவளும், அடித்த கையாலேயே ஊட்டிவிட்டவளுமான என் அக்காவுக்கு உன் ஒரே தம்பி பணிவோடு தெரிவித்துக்கொள்வது. இங்கே நானும் என் பல்செட்டும் சௌக்கியம். அங்கே நீயும் உன் முழங்கால் இரண்டும் சௌக்கியமாக இருக்க வேண்டும். எனக்கு எழுத வராது, உனக்குப் படிக்க வராது. அதனால் நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் அறைக்குக் கீழே மருந்துக்கடை வைத்திருக்கும் பெண். உனக்குப் படித்துக் காட்டப்போவது என் மகன். ஆகவே, டேய், உன்னைப் பற்றி வருகிற இடத்தையெல்லாம் முழுங்காமல், அத்தைக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படி.

விஷயம் இதுதான் அக்கா. என் பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடு.

இந்த இடத்தில் மருந்துக்கடைப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு, "ஐயோ, எத்தனை வயசுப் பிள்ளை தாத்தா?" என்று கேட்டாள். ஐம்பத்தொண்ணு என்றேன். பேனாவை மூடிவிட்டாள். "நான் கோர்ட்டு கேசுன்னு நினைச்சுப் பதறிட்டேன்." "கோர்ட்டுக்கும் போகலாம்மா, அங்கேயும் எங்க அக்காதான் முதல்ல பேசுவா, ஜட்ஜுக்கு வாய்ப்பு வராது" என்றேன். மறுபடி திறந்து எழுதுகிறாள், நல்ல பெண்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் உனக்குத் தெரிந்தது தப்புக் கதை. நாற்பத்தாறு வருஷம் முன்னால், வீட்டில் இரண்டாவது பிரசவம் என்று ஐந்து வயசுப் பையனைப் பத்து நாளைக்கு உன்னிடம் விட்டேன். பத்து நாள், எண்ணிப் பத்து. அப்போது ஆஸ்பத்திரி நடைக்கு நீலப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன், பத்தாவது நாள் இரண்டாம் பூச்சு முடிந்தது, விரலிடுக்கில் நீலம் போகாமலே உன் வீட்டுக்கு வந்தேன். நீ இலை போட்டு உட்கார வைத்தாய். கரண்டியோடு பக்கத்தில் நின்று, "தம்பி, இன்னும் கொஞ்சம் போடட்டுமா, பையன் இங்கேயே இருக்கட்டுமா" என்று இரண்டு கேள்வியை ஒரே மூச்சில் கேட்டாய். முதல் கேள்விதான் என் காதில் விழுந்தது. இரண்டாவதைக் குக்கர் விசில் தின்றுவிட்டது. நான் இலையைக் கையால் மறைத்துக்கொண்டு "இருக்கட்டும் இருக்கட்டும்" என்றேன். கரண்டிக்குச் சொன்னேன் அக்கா! குழம்பு போதும் என்று சொன்னேன்! ஒரு மனுஷன் வயிறு நிறைந்து சொன்ன வார்த்தைக்குப் பிள்ளையை எடுத்துக்கொள்வார்களா? நான் எழுந்து போய் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தபோது நீ வந்து, "நிஜமாத்தான் சொல்றியா?" என்று கேட்டாய். வாய் நிறையத் தண்ணீர், நான் என்னத்தைச் சொல்ல, தலையைத்தான் ஆட்டினேன். துப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நீ தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறாய். நாலு வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் பிள்ளையில்லாமல், தெருவில் தலை நிமிராமல் நடந்தவள், அன்றைக்கு ஓடினாய். எதிரே வந்த சைக்கிள்காரன் ஒதுங்கி நின்றான். அந்த ஓட்டத்தைப் பார்த்தபின் "குழம்புக்குத்தான் சொன்னேன்" என்று எந்தத் தம்பியால் சொல்ல முடியும்?

வீட்டுக்கு வந்து நான் பட்ட பாட்டை இங்கே எழுத வேண்டாம், என் பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், அவளைப் பற்றிக் குறை சொன்னால் இப்போதும் எனக்குப் பயம். "போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்க" என்று துரத்தினாள். ஆறு மாசத்தில் வந்தேன். வாயைத் திறக்குமுன் நீ, "வந்ததுதான் வந்தே, இந்தச் சுவரைப் பாரு தம்பி, உப்பு பூத்துக் கிடக்கு" என்றாய். முன்னறைக்கு இளம்பச்சை அடித்துவிட்டுத் திரும்பினேன். அவன் ஆறாம் வகுப்புப் படிக்கையில் வந்தேன், அடுப்படிக்கு மஞ்சள். அவனுக்குப் பத்தொன்பது வயசில் வந்தேன், வெளிச்சுவர் முழுக்க, சாரம் கட்டி, நாலு நாள். அடுத்த தடவை உஷாராகப் பிரஷ் எடுக்காமலே வந்தேன், நீ புதுசாக வாங்கி வைத்திருந்தாய். பிள்ளையைக் கேட்கப் போய் ஒருத்தன் ஒரு வீடு முழுக்கப் பெயிண்ட் அடித்திருக்கிறான் என்றால் அது நான்தான்.

பையன் கல்யாணத்தையே எடுத்துக்கொள். பெத்தவன் பார்க்கட்டும் என்று நீ இருந்தாய், வளர்த்தவள் பார்க்கட்டும் என்று நான் இருந்தேன். இரண்டு பேரும் மரியாதை பார்த்ததில் அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. அவனைக் கேட்டால், "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்கப்பா" என்று இருபத்தைந்து வருஷமாக ஒரே பதில். டேய், சிரிக்காதே, படி.

இத்தனை நாள் கேட்காமல் இப்போது ஏன் கேட்கிறாய் என்பாய். அன்றைக்குப் பிறந்த பெண்ணும் கல்யாணமாகிப் போய்விட்டாள், இங்கே நான் ஒத்தை ஆள். போன மாசம் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டேன், தாழ்ப்பாள் இறுகிவிட்டது. நான் கத்திய கத்தலில் மருந்துக்கடைப் பெண் ஓடி வந்து, பூட்டுக்கடைக்காரனை அழைக்கட்டுமா என்றாள். என் மகனே பூட்டுக்கடைக்காரன்தான், அவனைக் கூப்பிடு என்றேன். இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்தான். அரை நிமிஷத்தில் திறந்தான். "ஏன்ப்பா, பக்கத்துத் தெருவிலேயே பூட்டுக்கடை இருக்கே?" என்றான். இருக்கிறது, எனக்குத் தெரியாதா? சாப்பிட்டுவிட்டு என் கட்டிலில் படுத்தவன் குறட்டை விட்டான் பார், நான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்டேன். சின்ன வயசில் அவன் குறட்டை விட்டதில்லை. எப்போது ஆரம்பித்தான், யாருக்குத் தெரியும், உனக்குத் தெரியும். மூன்றரை மணிக்குத் திடுக்கென்று எழுந்து, "அத்தைக்குக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடணும்" என்று நாலு மணி பஸ்ஸுக்கு ஓடிவிட்டான். அடுத்த வாரம் வாசல் பூட்டு கெட்டது. அதற்கடுத்த வாரம் பெட்டிப் பூட்டு. வாசல் பூட்டு தானாகக் கெட்டது என்று எழுதச் சொன்னேன், மருந்துக்கடைப் பெண் எழுத மாட்டேன் என்கிறாள், ஆணியும் கையுமாக என்னைப் பார்த்தாளாம்.

எனவே இரண்டாவது கட்டில் வாங்கிப் போட்டாகிவிட்டது. ஜன்னலுக்கு நானே நீலம் அடித்தேன், எழுபத்தாறு வயசிலும் பிசிறில்லை. வருகிற திங்கட்கிழமை அவனை உடுப்பு, கருவி எல்லாவற்றோடும் அனுப்பிவை. பூட்டுக்கடை எந்தத் தெருவிலும் ஓடும். இது கெஞ்சல் இல்லை, கேட்பது. தலையாட்டிவிட்டு வேறு பேச்சுப் பேசாதே. சுவரைக் காட்டாதே.

எனக்கு மூத்தவள் நீ, உன் காலைத் தொட்டதாக வைத்துக்கொள், குனிந்தால் நிமிர நேரமாகிறது. பையனுக்கு என் ஆசி. நூறு வயசு இருக்கட்டும், அதில் மிச்ச வருஷமாவது என்னோடு இருக்கட்டும்.

உன் சொல்லைத் தட்டாத,
தம்பி.

பின்குறிப்பு: எழுதியதையெல்லாம் மருந்துக்கடைப் பெண் எனக்குத் திரும்பப் படித்துக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது, அழுத்தமாக இருந்தது. உறையில் போடும்போது ஒன்று கேட்டாள். "தாத்தா, அவர் இங்கே வந்துட்டா, அடுத்த கடுதாசியை உங்க அக்காவுக்கு யாரு படிச்சுச் சொல்லுவா?" மாடிக்குப் போனேன். புதுக் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அப்புறம் இறங்கி வந்து, கட்டிலை அவளையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன், கடைக்குப் பின்னால் மதியம் படுக்க ஆகும். பிரஷ்களைப் பொட்டலம் கட்டியாகிவிட்டது. அதனால் அக்கா, மேலே சொன்னதையெல்லாம் விட்டுவிடு. பையனை அனுப்பாதே. திங்கட்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் நானே வருகிறேன், இரண்டு நாளைக்கு இல்லை, அங்கேயே இருக்க. டேய், பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நில். அக்கா, சின்னப் பிள்ளையில் படுக்கையில் என்னைத் தள்ளிவிட்டு நீ இடம் பிடித்துக்கொண்ட மாதிரி இந்த வயசிலும் முடியாது, இப்போதே சொல்கிறேன், சுவரோரம் எனக்கு.